வெள்ளம் வடிந்த ஊரில் மலேரியாவைத் தடுக்க எதற்குச் செலவழிப்பது?

மழை நின்று தெருத்தண்ணீர் முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு இறங்கியதும் வார்டு கவுன்சிலரிடம் மக்கள் வைக்கும் முதல் கோரிக்கை, கொசு மருந்து அடிக்க ஆள் அனுப்ப வேண்டும் என்பதுதான். புகை இயந்திரம் வருகிறது. தெரு வெண்மையாகிறது. சிறுவர்கள் பின்னால் ஓடுகிறார்கள். ஏதோ நடந்துவிட்டது என்று எல்லோருக்கும் ஒரு நிம்மதி. மலேரியாவைப் பொறுத்தவரை அந்த நிம்மதிக்கு ஆதாரம் மிகக் குறைவு.

வெள்ளத்துக்குப் பிறகு உள்ளாட்சியிடமோ தொண்டு அமைப்பிடமோ குடியிருப்போர் நலச் சங்கத்திடமோ இருக்கும் பணமும் ஆட்களும் எப்போதும் போதாது. அதை எதில் போடுவது என்பதே கேள்வி. புகை அடிக்கலாம், கொசுப்புழுவை அழிக்கலாம், கொசுவலை கொடுக்கலாம், வீட்டுச் சுவர்களில் மருந்து தெளிக்கலாம், காய்ச்சல்காரர்களைத் தேடி ரத்தம் எடுத்துப் பார்க்கலாம், நோய் இருக்கிறதோ இல்லையோ எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கலாம். எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரே வரிசை இதற்குக் கிடையாது என்பது என் எண்ணம். அந்த ஊரில் மலேரியாவைப் பரப்பும் கொசு எது, அது எந்தத் தண்ணீரில் முட்டையிடுகிறது, மக்கள் இரவில் எங்கே படுக்கிறார்கள் என்ற மூன்றையும் கேட்ட பிறகுதான் ஒப்பிடவே முடியும். ரத்தப் பரிசோதனை மட்டும் இதற்கு விலக்கு. அது எங்கும் வேண்டும்.

முதலில் அவகாசத்தைப் பற்றி. வேகமாக ஓடும் வெள்ளம் இருக்கிற கொசுப்புழுக்களையும் அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே முதல் சில நாட்களில் மலேரியாக் கொசு குறையவே செய்யும். சிக்கல் தண்ணீர் வடியும்போதுதான் தொடங்குகிறது. விட்டுச்சென்ற குட்டைகளில் இட்ட முட்டை கொசுவாக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அந்தக் கொசு ஏற்கெனவே மலேரியாக் கிருமியான ஒட்டுண்ணி உள்ள ஒருவரைக் கடித்து, ஒட்டுண்ணி அதன் உடலுக்குள் முதிர ஏறக்குறைய 10 நாட்கள். பிறகு அது கடித்தவருக்குக் காய்ச்சல் வர மேலும் 10 முதல் 15 நாட்கள். ஒரு சுற்று முடியவே ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிடும். வெள்ளத்துக்கும் மலேரியாப் பெருக்கத்துக்கும் இடையே வழக்கமாக 6 முதல் 8 வாரம் இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதன் கணக்கு இதுதான். இந்த இடைவெளி ஒரு வரம். ஆனால் அது முடியும் நேரத்தில் நிவாரண முகாம்கள் மூடப்பட்டு, கேமராக்கள் வேறு ஊருக்குப் போய், பணமும் தீர்ந்திருக்கும்.

இரண்டு வெள்ளங்கள்

ஒப்பீட்டுக்கு இரண்டு இடங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, 2022இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணம். அந்த ஆண்டுப் பருவமழையில் நாடு முழுவதும் சுமார் 3.3 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள். சிந்து சமவெளி தட்டையான நிலம். வந்த தண்ணீருக்குப் போக வழி இல்லை. செப்டம்பரில் மஞ்சர் ஏரியின் கரையை அதிகாரிகளே உடைத்துவிட நேர்ந்தது. தாது மாவட்டம் போன்ற இடங்களில் வயல்கள் மாதக்கணக்கில் குளமாகக் கிடந்தன. 2021இல் சுமார் 5 லட்சமாக இருந்த பாகிஸ்தானின் மலேரியா நோயாளிகள் 2022இல் சுமார் 26 லட்சம் ஆனார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

மற்றொன்று சென்னை. டிசம்பர் 2015, டிசம்பர் 2023 ஆகிய இரண்டு வெள்ளங்களையும் நாம் மறக்கவில்லை. ஆனால் சிந்துவில் நடந்ததைப் போன்ற மலேரியாப் பெருக்கம் இங்கே நடக்கவில்லை. தமிழ்நாடு முழுவதற்கும் அண்மை ஆண்டுகளில் பதிவாகும் எண்ணிக்கை சில நூறுதான். நம் சுகாதாரப் பணியாளர்களுக்கு இதில் பங்கு உண்டு. கொசுவின் சுபாவத்துக்கும் பங்கு உண்டு. மலேரியாவைப் பரப்புவது அனாபெலிஸ் இனக் கொசுக்கள். சென்னையில் அதைச் செய்யும் அனாபெலிஸ் ஸ்டீபன்சி சுத்தமான தண்ணீரை விரும்புவது. மாடியிலுள்ள மேல்நிலைத் தொட்டி, கிணறு, மூடி சரியில்லாத கீழ்நிலைத் தொட்டி, கட்டடப் பணியிடத்தில் சிமெண்டை நனைக்கப் பிடித்துவைத்த தண்ணீர், லிஃப்ட் குழி ஆகியவை அதன் வீடு. சாக்கடை கலந்து தெருவில் தேங்கும் கறுப்புத் தண்ணீரில் பெருகுவது பெரும்பாலும் கியூலெக்ஸ் என்ற வேறு இனக் கொசு. கடிக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், ஆனால் மலேரியாவைத் தராது. சிந்துவிலோ கிராமப்புறங்களின் முக்கியமான கொசு அனாபெலிஸ் கியூலிசிஃபேசிஸ். மழைக்குட்டை, வாய்க்கால் கசிவு, வயலில் தேங்கிய நீர் என்று திறந்த வெளியில் முட்டையிடுவது. வெள்ளம் அதற்கு ஒரு மாகாணத்தையே எழுதிக்கொடுத்துவிட்டது.

மழை கூடினால் மலேரியா கூடும் என்ற சூத்திரம் அவ்வளவு நேரானதும் இல்லை. 1934-35இல் இலங்கையில் ஏறக்குறைய 80,000 பேரைப் பலிகொண்ட மலேரியா, மழை பொய்த்ததால் வந்தது. ஆறுகள் ஓட்டம் நின்று மணலில் குட்டைகளாகின. அதே கியூலிசிஃபேசிஸ் அங்கே பெருகியது. தண்ணீர் எவ்வளவு வந்தது என்பதைவிட எப்படி நிற்கிறது என்பது முக்கியம்.

புகை

வீதிப் புகை இரண்டு ஊர்களிலும் கடைசி இடத்தில்தான் நிற்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல், மலேரியாக் கட்டுப்பாட்டுக்குப் புகை அடிப்பதை விட்டுவிட்டு வலைக்கும் சுவர்த் தெளிப்புக்கும் முதலிடம் தரச் சொன்னது. காரணங்களை நம் தெருவிலேயே பார்க்கலாம். புகைத்துளிகள் காற்றில் மிதக்கும் சில நிமிடங்களில் அவற்றில் பறந்து சிக்கும் கொசு மட்டுமே சாகும். அனாபெலிஸ் இரவில் கடிப்பது. மற்ற நேரத்தில் வீட்டுக்குள்ளோ மாட்டுத் தொழுவத்திலோ ஒதுங்கி இருப்பது. வண்டியின் சத்தம் கேட்டதும் நாம் செய்யும் முதல் வேலை சன்னல்களைச் சாத்துவது! தொட்டியில் இருக்கும் புழுவை அந்தப் புகை தொடுவதே இல்லை. மறுநாள் காலை புதுக்கொசு வெளியே வரும்.

ஒரே ஒரு இடத்தில் இதற்கு வேலை இருக்கிறது. மலேரியா உறுதியான நோயாளியின் வீட்டிலும் சுற்றியுள்ள வீடுகளிலும், உள்ளே போய், பைரித்ரம் என்ற பூச்சிமருந்துச் சாற்றை மண்ணெண்ணெயில் ஒன்றுக்குப் பத்தொன்பது என்று கலந்து அடிப்பார்கள். அந்த வீட்டில் ஏற்கெனவே ஒட்டுண்ணியைச் சுமக்கும் கொசுவைக் கொல்வதற்கான நடவடிக்கை அது. இலக்கு தெரிந்து அடிப்பதால் அதற்குப் பொருள் உண்டு. இதைச் செய்ய வேண்டுமானால் நோயாளி யார் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

புழுவை அழிப்பது

சென்னையைப் பொறுத்தவரை பணத்தின் பெரும்பகுதி இங்கேதான் போகவேண்டும் என்று தயக்கமில்லாமல் சொல்வேன். முட்டையிடும் இடங்கள் எண்ணக்கூடியவை, இடம் மாறாதவை, போய்ப் பார்க்கக்கூடியவை. அப்படி இருக்கும் ஊரில்தான் புழு அழிப்பு பலன் தரும். சென்னையில் ஒவ்வொரு தொட்டிக்கும் கதவு எண் இருக்கிறது.

வெள்ளம் இந்தக் கணக்கில் வேறு வழியாக நுழைகிறது. கீழ்நிலைத் தொட்டிக்குள் சாக்கடைத் தண்ணீர் புகுந்துவிட்டால் அதை இறைத்து, கழுவி, லாரித் தண்ணீரால் நிரப்புகிறோம். குழாய் நீர் ஒழுங்காக வரும்வரை டிரம், அண்டா, குடம் என்று வீடு முழுக்கப் பிடித்து வைக்கிறோம். காற்றில் மாடித் தொட்டியின் மூடி பறந்திருக்கும். யாரும் ஏறிப் பார்த்திருக்க மாட்டார்கள். தெருத் தண்ணீர் வடிந்துவிட்டதே என்று நிம்மதியாக இருக்கும் அந்த வாரங்களில்தான் ஸ்டீபன்சிக்குத் தேவையான சுத்தமான தண்ணீர் ஊரெங்கும் கூடுகிறது. அதே டிரம்மில் டெங்கு பரப்பும் ஏடிஸும் முட்டையிடும். ஆகவே ஒரே ஆள், ஒரே வருகையில், இரண்டு நோய்களுக்கும் வேலை பார்த்துவிடலாம். செலவுக் கணக்குப் போடுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை.

கருவிகள் எளியவை. இறுகிய மூடி, அல்லது துணியால் வாய் கட்டிய டிரம். வாரம் ஒருமுறை முழுவதும் காலி செய்து தேய்த்துக் கழுவுவது. காலி செய்ய முடியாத தொட்டிக்கு அபேட் மருந்து, அதாவது டெமிபாஸ். குடிநீரிலும் குறிப்பிட்ட அளவில் விட அனுமதிக்கப்பட்டது அது. ஆனால் வாசனைக்காகவும் பயத்தாலும் பல வீடுகளில் விடவிட மாட்டார்கள். பி.டி.ஐ. எனப்படும் பாக்டீரியா மருந்து புழுவை மட்டும் குறிவைப்பது. ஆனால் அடிக்கடி இட வேண்டும். பயன்படுத்தாத கிணற்றுக்கு, புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் மலிவான வழி. அதை ஏரியிலும் குளத்திலும் கொண்டுபோய்க் கொட்டும் ஆர்வத்தை மட்டும் தயவுசெய்து கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து இத்தாலி வழியாக 1928இல் இங்கே வந்த மீன் அது. நாட்டு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் விட்டுவைக்காது.

பார்க்கப் போகிறவருக்கு ஒரு அடையாளம். புழு தண்ணீர்ப் பரப்புக்கு இணையாகப் படுத்துக் கிடந்தால் அனாபெலிஸ். வாலைப் பரப்பில் வைத்துத் தலைகீழாகத் தொங்கினால் கியூலெக்ஸ் அல்லது ஏடிஸ். மாடித் தொட்டியில் படுத்த புழுவைக் கண்டால் சுகாதார ஆய்வாளரிடம் அன்றே சொல்லிவிட வேண்டும்.

இந்த வழியின் பலவீனம் ஆட்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும் என்பதால் வீட்டுக்கு வீடு போகும் பணியாளரும் வாரம் தவறாமல் வரவேண்டும். பூட்டிய வீடுகள், மாடிச் சாவி தராத உரிமையாளர்கள், காவலாளியைத் தாண்ட விடாத அடுக்குமாடிகள் எல்லாம் அவர் வழியில் நிற்கின்றன. கொசு வளர இடம்கொடுக்கும் உரிமையாளர்மீது நடவடிக்கை எடுக்க 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமே அதிகாரம் தருகிறது. குடிசைவாசியின் டிரம்மைவிடப் பெரிய கட்டுமான நிறுவனத்தின் லிஃப்ட் குழிமேல் அந்தச் சட்டம் பாயவேண்டும் என்பது என் ஆசை. தொழிலாளர்கள் அங்கேயே தங்கி, அங்கேயே தூங்குகிறார்கள். மலேரியா அதிகமுள்ள மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் அவர்களில் இருப்பார்கள். ஒட்டுண்ணி, கொசு, தூங்கும் ஆள் மூன்றும் ஒரே வளாகத்தில்.

இதே வழியைச் சிந்துவுக்குக் கொண்டுபோனால் கேலிக்கூத்தாகிவிடும். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். எந்தக் குட்டைக்கு எந்த மருந்தை ஊற்றுவது? முகாமை ஒட்டிய சில பள்ளங்களை மூடலாம், வாய்க்காலை வெட்டிவிட்டு வடியச் செய்யலாம். அதற்கு மேல் இல்லை.

வலையா, சுவர்த் தெளிப்பா

சிந்து போன்ற இடத்தில் உண்மையான போட்டி இவை இரண்டுக்கும் இடையில்தான். சுவரில் தெளித்த மருந்து, எந்த மருந்து என்பதைப் பொறுத்து 3 முதல் 6 மாதம் நிற்கும். கடித்துவிட்டுச் சுவரில் உட்காரும் கொசு அதைத் தொட்டுச் சாகும். ஆனால் ஊரில் பத்தில் எட்டு வீடுகளிலாவது அடித்தால்தான் பலன். பயிற்சி பெற்ற ஆள், தெளிப்பான், மருந்து, வண்டி எல்லாம் வேண்டும். அடிப்படையாக ஒரு சுவர் வேண்டும். மண்வீடு கரைந்து, சாலை மேட்டில் தார்ப்பாயின் கீழ் கிடப்பவருக்கு எந்தச் சுவரில் தெளிப்பது? வீடு திரும்பியவர் முதலில் செய்வது சுவருக்குப் புதிதாக மண்பூசுவது. அதோடு மருந்தும் உள்ளே போய்விடும். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு தை பிறந்து, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் நம் கிராமங்களிலும் இதே கதை. டிசம்பரில் தெளித்தால் சனவரியில் சுண்ணாம்பு அதன்மேல் ஏறிவிடும்.

மருந்தேற்றிய நீடித்த வலைக்குச் சுவர் தேவையில்லை. கயிற்றுக் கட்டிலின் நான்கு மூலைகளில் குச்சி கட்டினால் போதும். முகாம் மாறினால் மடித்து எடுத்துப் போகலாம். ஏறக்குறைய மூன்று ஆண்டு உழைக்கும். ஒடிசாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வலைகளைக் கொடுத்தார்கள். வீடு தேடிப்போய்ப் பரிசோதிப்பதும் சேர்ந்துகொள்ள, அங்கே மலேரியா பெருமளவு விழுந்தது. ஆகவே இடம்பெயர்ந்த மக்களுக்கு என் வாக்கு வலைக்கே.

வலைக்கும் குறைகள் உண்டு. முதலாவது, தாமதம். பாகிஸ்தானில் வெள்ளம் உச்சமடைந்தது ஆகஸ்டில். இந்தியாவிலிருந்து 60 லட்சத்துக்கும் அதிகமான வலைகளை வாங்க அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் ஒப்புதல் தந்ததாகச் செய்தி வந்தது அக்டோபரில். கொடுக்கப்பட்ட ஆறு வாரம் பேச்சுவார்த்தையிலும் கோப்பிலுமே போயிற்று. வெள்ளம் வரும் மாவட்டங்களில் வலையை முன்கூட்டியே கிடங்கில் வைத்திருந்தால்தான் இது வழி; வெள்ளத்துக்குப் பிறகு டெண்டர் விடுவதாக இருந்தால் அடுத்த ஆண்டு மழைக்குத்தான் உதவும். இரண்டாவது, வலையில் ஏற்றும் பைரித்ராய்டு மருந்துக்குப் பழகிப்போய்ச் சாகாத கொசுக்கள். அங்கெல்லாம், அந்த மருந்தின் வீரியத்தைக் கூட்டும் பிபிஓ சேர்த்த வலையோ இரட்டை மருந்து வலையோ கேட்டு வாங்க வேண்டும். மூன்றாவது, புழுக்கம். மின்விசிறி ஓடும் நகர வீட்டில் இலவச வலை பரணுக்குப் போகும். கடற்கரைக் கிராமத்தில் வேறு வேலைக்கும் போகும். இதில் மக்களைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை.

பலரும் மறந்துவிடும் மூன்றாவது வழி ஒன்று உண்டு. கியூலிசிஃபேசிஸ் மனிதரைவிட மாட்டை அதிகம் விரும்பும் கொசு. 1990களில் பாகிஸ்தானிலிருந்த ஆப்கன் அகதிக் குடியிருப்புகளில், கால்நடைகளின் உடம்பில் பூச்சிமருந்தைப் பஞ்சால் துடைத்துவிட்டுப் பார்த்தார்கள். மலேரியா குறைந்தது, சுவர்த் தெளிப்பைவிடச் செலவும் மிகக் குறைவு. மாட்டுக்கு உண்ணித் தொல்லை நீங்கியதால் மக்களும் விரும்பி ஒத்துழைத்தார்கள். வெள்ளத்தில் ஓடும்போது மாட்டையும் ஓட்டிக்கொண்டு வந்து அதனருகிலேயே படுக்கும் மக்களுக்கு இது பொருத்தமான யோசனை. மனிதரை நாடும் கொசு உள்ள ஊரில் இதனால் பயனில்லை.

ரத்தப் பரிசோதனை

கொசுவைப் பற்றிய எல்லா வாதங்களுக்கும் முன்னால் வருவது இது. கொசு பிறக்கும்போதே ஒட்டுண்ணியோடு பிறப்பதில்லை. ஒரு மனிதரிடமிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. அந்த மனிதரைக் கண்டுபிடித்து உடனே குணப்படுத்தினால் ஆயிரம் கொசு இருந்தும் அவற்றுக்குப் பரப்ப எதுவும் இல்லை. வெள்ளத்துக்குப் பிந்தைய காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம், எலிக்காய்ச்சலாகவோ டைஃபாய்டாகவோ இருக்கலாம். தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம், 15 முதல் 20 நிமிடத்தில் முடிவு சொல்லும் துரிதப் பரிசோதனைப் பட்டை, கூடவே கண்ணாடித் தகட்டில் ஒரு ரத்தத் தடவல். முகாமில் ஒரு மேசை போதும். புகை வண்டியின் டீசலுக்கு ஆகும் செலவில் எத்தனை பட்டைகள் வாங்கலாம் என்று ஒரு கவுன்சிலராவது கணக்குக் கேட்டால் மகிழ்வேன்.

சென்னையில் பெரும்பாலும் காண்பது வைவாக்ஸ் வகை. அது ஆளைக் கொல்வது அரிது. ஆனால் கல்லீரலில் பதுங்கிக்கொண்டு சில மாதம் கழித்து மறுபடி வரும். அதற்கு பிரிமாகுவின் மாத்திரையை 14 நாட்கள் விடாமல் போடவேண்டும். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். மாத்திரையும் அன்றே நின்றுவிடும். வெள்ளத்தில் வீடிழந்து உறவினர் வீடு, முகாம், மறுபடி வீடு என்று அலைபவர் 14 நாளை முடிப்பது இன்னும் கடினம். ஆகவே பரிசோதனைக்கு ஒதுக்கும் பணத்தில், நோயாளியைத் தொலைபேசியிலும் நேரிலும் தொடர ஒரு ஆளின் சம்பளமும் சேர வேண்டும். ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், கர்ப்பிணிகளுக்குத் தரக்கூடாது. கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் மருந்து இல்லை.

இதே காரணத்தால்தான் எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கும் வழியைத் தமிழ்நாட்டில் யோசிக்க வேண்டாம் என்கிறேன். ஆப்பிரிக்காவில், மலேரியாவின் கொடிய வகையான ஃபால்சிபாரம் மிகுந்த பகுதியில், சுகாதார நிலையமே அடித்துச் செல்லப்பட்ட நெருக்கடியில் அது உயிர் காக்கலாம். ஆண்டுக்குச் சில நூறு நோயாளிகள் உள்ள மாநிலத்தில் லட்சம் பேருக்கு மாத்திரை தருவதில் பொருளில்லை. தடுப்பூசி பற்றியும் கேட்கிறார்கள். இப்போதுள்ள ஆர்டிஎஸ்எஸ், ஆர்21 இரண்டும் ஃபால்சிபாரத்துக்கு எதிராகக் குழந்தைகளுக்கு மாத இடைவெளியில் பல தவணையாகப் போடுபவை. வெள்ளத்துக்கு மறுவாரம் எடுக்கும் ஆயுதமாகாது. வைவாக்ஸைத் தொடவும் தொடாது.

என் பங்கீடு

சென்னை போன்ற ஊரில் பாதிப் பணத்தை வீட்டுக்கு வீடு புழு தேடும் பணியாளர்களின் கூலிக்கும் தொட்டி மூடிகளுக்கும் ஒதுக்குவேன். தண்ணீர் வடிந்த இரண்டாம் வாரத்திலிருந்து பத்தாம் வாரம்வரை அவர்கள் வேலையில் இருக்கவேண்டும். முதல் வாரப் பரபரப்போடு முடிக்கக்கூடாது. மீதியில் பெரும்பகுதி பரிசோதனைக்கும் தொடர்ந்து கண்காணிப்பதற்கும், குறிப்பாகக் கட்டடப் பணியிடங்களுக்கும் வடசென்னையின் பழைய பகுதிகளுக்கும். வலை, நடைபாதையிலும் முகாமிலும் தூங்குகிறவர்களுக்கு மட்டும். சிந்துவைப் போன்ற சமவெளியில் பாதிப் பணம் வலைக்கு, அதுவும் மழைக்கு முன்பே. கால்பங்கு பரிசோதனைக்கும் மருந்துக்கும். மீதி, மக்கள் வீடு திரும்பிச் சுவர் எழுப்பிய பிறகு தெளிப்புக்கும் மாட்டுக்கும்.

புகை வேண்டும் என்று வார்டு மக்கள் பிடிவாதமாக நின்றால்? ஒருநாள் மாலை வண்டியை அனுப்பிவைக்கலாம். ஆனால் அதன் பின்னாலேயே ஏணியும் டார்ச்சும் அபேட் பாட்டிலும் ரத்தப் பரிசோதனைப் பட்டைகளுமாக இரண்டு பணியாளர்கள் வரவேண்டும். தெருவில் எல்லோரும் வெளியே நிற்கும் அந்த நேரத்தில் மாடிச் சாவி கேட்டால் மறுக்கிறவர்கள் குறைவு.